சீனத்துத் தேநீரும் எங்கள் பதினைந்து நிமிடமும்

போன வாரம் புதன்கிழமை எனக்கு அமைதி கற்றுக் கொடுத்தார்கள். வேலை நேரத்தில், சம்பளத்தோடு, முழுதாக நாற்பது நிமிடம். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

போன வாரப் பத்தியில் புல் வெட்டும் மெஷினைப் பற்றி எழுதி உங்களைச் சிரிக்க வைத்தேன் அல்லவா? மூன்று பேர் போன் பண்ணி, நன்றாக இருந்தது என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன் — அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பே வரவில்லை. எழுத வேண்டியது வேறு. எழுதப் பயமாக இருந்தது. அதனால் புல் வெட்டினேன்.

இந்த வாரம் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கோபம் குறையவில்லை.

நான் இங்கே விரி என்ற ஊரில் ஒரு தேயிலைப் பக்டரியில் வேலை செய்வது வழக்கமாகப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். மெஷின் தேயிலையைச் சின்னப் பைகளில் அடைத்துத் துப்பும். நாங்கள் பதினாலு பெண்கள் அதைப் பெட்டிகளில் அடுக்கி பெல்ட்டில் தள்ளுவோம். சமோவாக்காரர், ஃபிஜிக்காரர், ஒரு சீனப் பெண், தமிழர் நாங்கள் இரண்டு பேர். எட்டு மணித்தியாலமும் நின்ற நிலை. காலையில் பதினைந்து நிமிடம், பிற்பகலில் பதினைந்து நிமிடம் ஸ்மோக்கோ — அதாவது உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம். ஒரு நாளில் எங்கள் கால்கள் எங்களுடையவையாக இருப்பது அப்போதுதான்.

எங்கள் மனேஜர் கிரெக்கும் ஆபீஸில் இன்னும் இரண்டு பேரும் ஒன்பது நாள் சீனா போய் வந்தார்கள். தேயிலை வாங்கவா? இல்லை. தேயிலை வாங்குவதற்கு வேறு ஆள் இருக்கிறார். இவர்கள் போனது தேநீர்ப் பண்பாட்டுச் சுற்றுலா. மலையில் தேயிலைத் தோட்டம், ஏரிக்கரையில் தேநீர் விடுதி, காலையில் மூச்சுப் பயிற்சி, மாலையில் மூங்கில் காட்டுக்குள் நடை... மன அழுத்தம் பறந்து போகுமாம். அந்தப் பயணத்தின் நோட்டீஸை எங்கள் கண்ணில் படும்படி ஒட்டியும் வைத்திருந்தார்கள்.

அவர்களுக்கு அப்படி என்ன மன அழுத்தம்?

சொல்கிறேன். போவதற்கு முன்புதான் எங்களுக்குப் புது ஒப்பந்தம் எழுதி முடித்திருந்தார்கள். இப்போதெல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனி ஒப்பந்தம்தானே. அதில் ஸ்மோக்கோவைப் பதினைந்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைத்திருந்தார்கள். எங்கள் ஐந்து நிமிடத்தை வெட்டிய களைப்புத் தீரத்தான் ஒன்பது நாள் சீனா.

திரும்பி வந்ததும் ஸ்மோக்கோ ரூமில் ஸ்லைட் காட்டினார்கள். திரையில் பனி மூடிய மலை. பிறகு ஏரி. பிறகு கிரெக். ஓலைத் தொப்பி, இடுப்பில் கூடை, இரண்டு விரலால் ஒரு கொழுந்தைப் பிடித்தபடி சிரிக்கிறார். அரை மணித்தியாலம் பறித்தாராம், மனம் அப்படியே லேசாகிவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் அவருக்குப் பின்னால் உண்மையாகவே கொழுந்து பறிக்கிற ஒரு பெண் குனிந்தபடி நின்றாள். முகம் தெரியவில்லை. அவளுக்கும் மனம் லேசாகிறதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"ரீற்றா, உனக்கு இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கமாக இருக்குமே" என்றார் கிரெக் என்னைப் பார்த்து.

நான் மன்னார். எங்கள் ஊரில் கழுதை உண்டு, கருவாடு உண்டு. தேயிலைச் செடி மருந்துக்கும் கிடையாது. சிலோன் என்றால் கரையிலிருந்து கரை வரை தேயிலை என்று நினைக்கிற ஆளிடம் ஆறு வருசமாகச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது. அன்றும் பல்லைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அந்தத் தேநீர் விடுதியில் கடிகாரமே கிடையாதாம். ஒரு கோப்பை குடிக்க ஒரு மணித்தியாலம் ஆகுமாம். நாம் எல்லோரும் அவசரப்படுவதை நிறுத்த வேண்டுமாம். தேநீர் என்பது குடிக்கிற பொருள் அல்ல, அது ஒரு நேரமாம்.

இதைச் சொன்ன மனிதரின் தலைக்கு மேலே புதுக் கடிகாரம் தொங்கியது. சிவப்பு விநாடி முள்ளோடு. போன மாதம் அவரே மாட்ட வைத்தது.

ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்டார். கொஞ்சம் என்னோடு நடந்து பாருங்கள். பெல் அடித்ததும் தலைத்தொப்பி கழற்ற வேண்டும், மேல்கோட்டைக் கழற்ற வேண்டும், கை கழுவ வேண்டும், ஸ்மோக்கோ ரூம் வரை நடக்க வேண்டும். போக இரண்டு நிமிடம், வர இரண்டு நிமிடம். பதினைந்தில் மிச்சம் பதினொன்று. பத்தில் மிச்சம் ஆறு. பெண்களுக்கு இரண்டு ரொய்லெட். ஒன்று மார்ச் மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. பதினாலு பெண்கள், ஒரு கதவு, ஆறு நிமிடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் விடை வராது.

எங்கள் லைனில் மற்றத் தமிழ்ப் பெண் சுமதி. திருச்சிப் பிள்ளை. புருஷன் இங்கே கம்ப்யூட்டர் படிக்கிறார். இப்போது அவளுக்கு ஆறாம் மாதம். அவளுக்கு அந்தக் கதவு எவ்வளவு அவசரம் என்று பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சீனப் பெண்ணின் பெயர் ஹுவா. பெயர் சொல்ல வரவில்லை என்று ஆபீஸில் ஹெலன் என்று பட்ஜ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சீனாவில் ஒரு கடற்கரை நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. இங்கே வந்து நாலு வருசம். அவளும் நானும் ஜன்னலோர மேசையில் ஒன்றாக உட்காருவோம். அவளிடம் ஒரு பழைய ஜாம் போத்தல் இருக்கும். அதற்குள் இரண்டு விரல் அளவு இலை போட்டு, சுவரில் மாட்டியிருக்கிற டேங்கிலிருந்து கொதிநீர் பிடித்து, மூடி வைப்பாள். இலைகள் முதலில் மேலே மிதக்கும். பிறகு ஒவ்வொன்றாக விரிந்து அடியில் இறங்கும். எல்லாம் இறங்கிய பிறகுதான் குடிப்பாள். நான் என் பிளாஸ்க்கில் இருந்து பால் தேத்தண்ணி குடிப்பேன். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டோம். நான் எப்போதும் யார் மேலாவது கோபத்தோடுதான் போய் உட்காருவேன். இலைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் அடங்கும்.

இலைகள் இறங்கி முடிய ஏழெட்டு நிமிடம் வேண்டும். ஆறு நிமிடத்தில் இறங்காது.

இந்த ஹுவாவோடு நான் ஒருமுறை இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். போன வருசம் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அவளைப் பாப்பாட்டோயில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். ஒரு பை நிறைய மண்டரின் பழத்தோடு வந்தாள். விடியவே எழும்பி மூன்று மணித்தியாலம் மினக்கெட்டு ரோல்ஸ் செய்து வைத்திருந்தேன். முதலில் தேத்தண்ணி என்று, இருக்கிறதிலேயே நல்ல கோப்பையை எடுத்து, தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தேன். சோசரிலும் கொஞ்சம் வழிந்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தானே? கோப்பை குறைந்தால் கை இறுக்கம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

ஹுவா கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து இரண்டு வாய் குடித்தாள். எழும்பி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். வந்து பத்து நிமிடம் ஆகவில்லை. ரோல்ஸ் தட்டு மூடியபடியே இருந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... என் வீடு பிடிக்கவில்லையா, என் கை பிடிக்கவில்லையா? அடுத்த நாளிலிருந்து வேறு மேசை. இரண்டு கிழமை கழித்து அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உன் வீட்டில் நான் என்ன பிழை செய்தேன் என்று மெல்லக் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதானே எழும்பிப் போனாய் என்றேன். நீதானே போகச் சொன்னாய் என்றாள்.

அப்போதுதான் சொன்னாள். அவர்கள் ஊரில் விருந்தாளிக்குத் தேநீரை முக்கால்வாசிதான் ஊற்றுவார்களாம். மேலே இருக்கிற வெற்றிடம் மரியாதைக்கு. கோப்பையை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், வந்தது போதும், எழும்பிப் போ என்று அர்த்தமாம். சூடான கோப்பை தளும்பினால் விருந்தாளிக்குக் கை சுடும், வேண்டுமென்றே அப்படிச் செய்வது வேண்டாதவனுக்கு. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நிரப்பாவிட்டால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல, அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார்.

சரி, ஸ்லைட் முடிந்த இடத்துக்கு வருவோம்.

கிரெக் சீனாவிலிருந்து ஒரு தேநீர் செட் வாங்கி வந்திருந்தார். மண்ணிறத்தில் குட்டிக் கேத்தல், தைலக் குப்பி மூடி அளவுக்குக் கோப்பைகள், மரத்தட்டு. ஹெலன் நமக்கெல்லாம் செய்து காட்டப் போகிறாள் என்று அறிவித்தார். ஆபீஸ்காரர் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். இடம் வேண்டும் என்று மற்றக் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கியிருந்ததால் நாங்கள் நின்றோம். அமைதியாக உட்கார்ந்து தேநீர் குடிப்பது எப்படி என்பதை நாங்கள் நாற்பது நிமிடமும் நின்றபடியே கற்றுக்கொண்டோம்.

இந்த மரியாதையெல்லாம் ஏன் ஹுவாவுக்கு? பதினாலு பேரில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தண்ணீர் கொதிக்கும்போது நான் அவள் பக்கத்தில் போய் நின்று, காதுக்குள் சொன்னேன், போட்டுவிடு ஹுவா, வீணாக ஏன் கரைச்சல் என்று. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் கொட்டினாள். இரண்டாம் தண்ணீர் ஊற்றினாள். காத்திருந்தாள். அவள் கை அவ்வளவு நிதானமாக அசைந்ததை நான் லைனில் ஒருநாளும் பார்த்ததில்லை.

முதல் ஆபீஸ்காரருக்கு முக்கால் கோப்பை. இரண்டாம் ஆளுக்கு முக்கால் கோப்பை.

கிரெக்குக்கு விளிம்பு வரை. அதற்கு மேலும் ஒரு சொட்டு. தண்ணீர் கோப்பைக்கு மேலே வளைந்து நின்றது, விழவில்லை.

"பார்த்தீர்களா, எனக்கு மட்டும் நிறைய" என்றார் கிரெக், மற்ற இருவரிடமும். தூக்கப் பார்த்தார், விரல் சுட்டது. கடைசியில் மேசைக்குக் குனிந்து, வாயை வைத்து உறிஞ்சினார். இதுதான் சீன உபசாரம் என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது நாள் போய் வந்தவருக்கு இந்த ஒரு விசயத்தை அங்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஹுவா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒருதரம். சிரிக்கவில்லை. அந்த அறையில் நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு நேரம் கிரெக் மேல் கோபப்பட்டு எழுதினேனே, அது பாதிதான். மிச்சப் பாதி என் மேல்.

அந்த ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்துப் போட்டது யார்? நான்தான். கிரெக் சீனா போவதற்கு முன்னால் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதிரை தந்தார். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். உன் இங்கிலீஷ் நல்லது, நீ மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குப் பெருமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரருக்கு உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு வேலை இல்லை. வீட்டு மோர்ட்கேஜ் கடன் அப்படியே நிற்கிறது. "ஐஞ்சு நிமிசத்துக்காக வேலையை விடுறதே? போட்டுட்டு வாரும்" என்றார் அவர். போட்டுவிட்டு வந்தேன். வந்தது மட்டுமா? ஒவ்வொரு பெண்ணிடமும் போய், வெறும் ஐந்து நிமிடம்தான், போடுங்கள், பிரச்சினை வராது என்று சொன்னேன். நான் சொன்னதால் போட்டார்கள். சுமதியும் போட்டாள்.

வாராவாரம் உங்களிடம் சீறுகிற பேனாதான். அங்கே போய்ப் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. கிரெக்குக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தானே இங்கே இவ்வளவு சத்தம் போடுகிறேன்?

வெள்ளிக்கிழமை ஹுவா ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் கிரெக்கின் மேசையில் வைத்தாள். பிற்பகல் ஸ்மோக்கோவில் என்னிடம் சொன்னாள். மூன்று நாள் அகராதியோடு உட்கார்ந்து படித்தாளாம். விளங்காத இடத்தை எப்சமில் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டாளாம்.

"நான் புதியதில் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்குப் பழையதுதான். பழையதில் பதினைந்து நிமிடம்" என்றாள்.

நான் அந்தத் தாளில் மூன்றாம் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. நல்ல இங்கிலீஷ்காரி நான். அவளோ இரண்டு வரிக்கு ஒருதரம் அகராதி பார்க்கிறவள்.

இந்தத் திங்கட்கிழமை பத்து நிமிட ஸ்மோக்கோ ஆரம்பம். ஹுவாவை லைனிலிருந்து எடுத்து லோடிங் பக்கம் போட்டிருந்தார்கள். அங்கே கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். ஜூலை மாதத்துக் குளிர்காற்றில் நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்ட வேண்டும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், உனக்குப் பொருத்தமான இடம் என்றார்களாம்.

பத்து நிமிடத்தில் பெல் அடித்தது. நாங்கள் எல்லோரும் எழும்பினோம். ஹுவா எழும்பவில்லை. கிரெக் வாசலில் வந்து நின்றார். அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஜாம் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டார். எங்கள் லைனிலிருந்து பார்த்தால் ஸ்மோக்கோ ரூம் கண்ணாடி வழியே தெரியும். அவ்வளவு பெரிய அறையில் அவள் ஒருத்தி, முன்னால் ஒரு போத்தல். ஐந்து நிமிடம்.

எனக்கு அப்போது யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? ஹுவா மேல். இவள் என்ன பெரிய ஆள்? தனியாக உட்கார்ந்து எங்களை மொக்குகள் ஆக்குகிறாளே என்று. கை தன்பாட்டில் பெட்டி அடுக்கியது, மனம் முழுக்க அவளைத் திட்டியது. நல்ல மனுசி நான்.

செவ்வாய்க்கிழமை ஸ்மோக்கோ ரூம் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. சீனாவில் எடுத்த அதே பனி மலை. கீழே கொட்டை எழுத்தில், அவசரம் வேண்டாம், ஒரு கோப்பை தேநீரோடு மூச்சு விடுங்கள் என்று இங்கிலீஷில். அந்தக் கதவைத் தாண்டித்தான் ரொய்லெட் கியூ. அன்று சுமதி கியூவில் நாலாவதாக நின்றாள். அவளுக்கு முன்னால் இன்னும் ஒருத்தி இருக்கும்போதே பெல் அடித்தது. அவள் போகாமலே லைனுக்குத் திரும்பினாள். அரை மணித்தியாலம் கழித்து சூப்பர்வைசரிடம் கை தூக்கிக் கேட்டாள். ஆள் மாற்ற ஆள் இல்லை, கொஞ்சம் பொறு என்றார். ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண், கை தூக்கி, மூத்திரம் போக அனுமதி கேட்டு, கிடைக்காமல் நிற்கிறாள்.

லஞ்ச் நேரத்தில் அவளிடம் போய், ஏன் பிள்ளை நீ முதலே ஒப்பந்தத்தை வீட்டில் காட்டிக் கேட்டிருக்கலாமே என்றேன். எவ்வளவு கேவலமான கேள்வி பாருங்கள்.

"நீங்க சொல்லித்தானேக்கா போட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள். கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமையும் பெல் அடித்தது, எழும்பினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று, வியாழக்கிழமை. காலை ஸ்மோக்கோ. பத்து நிமிடத்தில் பெல். கதிரைகள் சத்தம் போட்டன. நான் எழும்பவில்லை. முடிவெடுத்து உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பொய். கால் வரவில்லை, அவ்வளவுதான். எதிரே ஹுவா. நடுவில் போத்தல். இலைகள் பாதி வழியில்.

சுமதி கியூவிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பெல் அடிச்சிருச்சுக்கா."

"கேட்டது. நீ போயிட்டு ஆறுதலா வா பிள்ளை" என்றேன்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கிரெக் வந்தார். ஹுவாவுக்குப் பழைய ஒப்பந்தம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? என் கையெழுத்துத்தான் அவர் அலமாரியில் இருக்கிறது. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது, வங்கிக்கு என்ன சொல்வது என்று எல்லாம் ஒன்றாக ஓடியது. அவர் என் முன்னால் வந்து நின்று, ரீற்றா, பெல் அடித்துவிட்டது என்றார். இடக்கையைத் தூக்கி மணிக்கூட்டைத் தட்டிக் காட்டப் போனார்.

என் கை பிளாஸ்க்கை எடுத்தது. பக்கத்தில் இருந்த பெரிய மக்கில் ஊற்ற ஆரம்பித்தேன். பாதி வந்தது, முக்கால் வந்தது. முக்காலில் கை நிற்கவில்லை. விளிம்பு வரை ஊற்றினேன். எழும்பி நின்று, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

"குடியுங்கள் கிரெக். எங்கள் ஊர்த் தேநீர்."

கிரெக்குக்கு நல்ல வளர்ப்பு. நீட்டியதை வாங்காமல் இருக்கத் தெரியவில்லை. வாங்க வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையும் மக்கில் போனதும் மணிக்கூட்டைத் தட்டக் கை இல்லை. பார்க்கத் திருப்பினால் வெள்ளைச் சட்டையில் ஊற்றும். வாயைத் திறந்தார், மக் ஆடியது, மூடினார். மேசையில் வைக்கலாம் என்றால் குனிய வேண்டும். கடைசியில் நன்றி என்று முணுமுணுத்துவிட்டு, மெல்லத் திரும்பி, மக்கின் விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு அடியாக வைத்துக் கொரிடோர் வழியே நடந்து போனார். ஆறு வருசத்தில் அந்த மனிதர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. அவர் கதவில் ஒட்டிய போஸ்டரைத் தாண்டித்தான் போனார்.

ஹுவா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. நான் உட்கார்ந்தேன். போத்தலில் கடைசி இலையும் இறங்கிவிட்டிருந்தது. சுமதி முகம் கழுவிக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடி, அவசரமில்லாமல் வந்தாள். பதினைந்து நிமிடம் முடிந்ததும் மூன்று பேரும் வேலைக்குப் போனோம்.

பிற்பகலில் ஒவ்வொரு பெண்ணிடமும் போனேன். அன்று போனது போலவே, அதே வரிசையில். நான் உங்களுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், வாசிக்காமல் சொன்னேன் என்றேன். சிலர் தோளைத் தட்டினார்கள். ஒரு சமோவாக்காரப் பெண் என்னை முறைத்துவிட்டுப் போனாள். முறைக்கட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது.

இன்று வெள்ளி. காலை ஸ்மோக்கோவில் பெல் அடித்தபோது ஆறு பேர் எழும்பவில்லை. முறைத்தவளும் அதில் ஒருத்தி. கிரெக் வாசல் வரை வந்தார். நான் பிளாஸ்க்கில் கை வைத்தேன். அதற்கு மேல் அவர் உள்ளே வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து எனக்குக் கடிதம் வரலாம். வந்தால் என்ன செய்வேன் என்று தெரியாது. எப்சம் வக்கீலின் நம்பரை ஹுவா எழுதித் தந்திருக்கிறாள். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் எழும்பிப் போய் பிளாஸ்க்கைக் கழுவி, வெயில் படும் ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தார். இன்னும் பெரிசா ஒண்டு வாங்கவேணும் என்று மட்டும் சொன்னார்.

மன அழுத்தம் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: ஓம், குறைந்தது. அதற்கு நாம் சீனா வரை போகத் தேவையில்லை, தளும்புகிற மக்கோடு மனேஜர் வாசல் வரை போனாலே போதும்.